டாக்டரம்மா நின்ற கட்டம்

பிப்ரவரி 3

சீஃப் ஆபீசரும் போய்விட்டார். தண்ணீர் கொண்டுவருகிற படகில் இறங்கியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குத் தூதரகத்தில் தெரிந்த ஆள் இருக்கிறது. நமக்கு யார் இருக்கிறார்கள்? துருவும் கடலும்தான்.

கேப்டன் நெஞ்சுவலி என்று போன வருடமே இறங்கினார். மற்ற நாட்டுக்காரர்களை அவரவர் அரசாங்கம் அழைத்துக்கொண்டது. இனி இந்தக் கப்பலில் மூன்று பேர். எலெக்ட்ரீஷியன் லூர்து மச்சாது, அதாவது நான், தூத்துக்குடி. சமையல்காரர் மொகுதூம் காக்கா, காயல்பட்டினம். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே. மூன்றாவது, இன்ஜின் ரூமில் எண்ணெய் போடுகிற இசக்கிதுரை, திசையன்விளை. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கப்பலேறியவன்.

முதலாளி கையை விரித்துவிட்டுத் தலைமறைவாகிவிட்டான். கப்பல் கோர்ட்டுச் சிறையில் இருக்கிறது, நாங்கள் கப்பல் சிறையில் இருக்கிறோம். கரை கண்ணுக்குத் தெரிகிறது, இறங்க அனுமதி கிடையாது. பேச்சுத்துணை குறைந்துபோனதால் இதை எழுதத் தொடங்கினேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 5

காலையில் குடிதண்ணீர்த் தொட்டியில் கம்பியை விட்டு அளந்தேன். குறைந்துகொண்டே போகிறது. குளிப்பு இனி கடல் தண்ணீரில்.

மத்தியானம் விளையாட்டு. இந்த விளையாட்டுப் பெட்டியை ஜப்பானில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். உள்ளங்கை அளவு. இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும். கூடவே ஒரே ஒரு கேசட். முழுக்க ஜப்பான் எழுத்து, எங்களுக்கு ஒன்றும் புரியாது. எண்கள் மட்டும் புரியும். அது போதும். கட்டம் கட்டமாகப் பிரித்த தரை. நீல நிறத்தில் நம் ஆட்கள், சிவப்பில் எதிரிகள். நாம் எல்லாரையும் ஒருமுறை நகர்த்தினால் அடுத்து அவன் முறை. அவசரமே கிடையாது. ஒரு நகர்த்தலுக்கு அரைநாள் யோசித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நின்ற இடத்திலேயே நிற்கிற எங்களுக்கு இதைவிடத் தோதான விளையாட்டு ஏது?

மேட்டில் ஏறி நின்றால் அடி கூடுதலாக விழும். காட்டுக்குள் நின்றால் நம்மேல் படுவது குறையும். அடிப்பதற்கு முன்னால் எத்தனை சதவீதம் படும் என்று எண் காட்டும். தொண்ணூறு என்று காட்டிவிட்டுத் தப்பும்போது வருகிற ஆத்திரம் இருக்கிறதே, பெட்டியைத் தூக்கிக் கடலில் எறியலாம் போலிருக்கும். பத்து என்று காட்டி விழுந்துவிட்டால் இசக்கி எழுந்து குதிப்பான். சாப்பாட்டறை மேசை ஏற்கெனவே ஒரு கால் ஆடுகிறது.

ஜப்பான்காரன் என்ன கதை எழுதினானோ, எங்களுக்குக் கதை சொல்கிறவர் காக்காதான். இன்று ஒரு நீளமுடிக்காரன் வந்து ஏதோ வசனம் பேசினான். உடனே காக்கா, "இவன் மச்சான் சொத்த அமுக்கிட்டான்டா. பள்ளிவாசல்ல பேசித் தீக்கலாம்னு கூப்பிட்டாக, வரமாட்டேன்னுட்டான். அதான் படையெடுப்பு" என்றார். இசக்கி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். இந்தக் கப்பலில் சிரிப்பு என்று ஒன்று இருப்பது அந்த மேசையில் மட்டும்தான்.

பிப்ரவரி 8

பேட்டரி தீர்ந்தது. சாப்பாட்டறைச் சுவர்க்கடிகாரத்திலிருந்து ஒன்று, சீஃப் ஆபீசர் விட்டுப்போன டார்ச்சிலிருந்து ஒன்று. கடிகாரம் நின்றுவிட்டது. நேரம் தெரிந்து இங்கே என்ன செய்யப்போகிறோம்?

பிப்ரவரி 11

அடுப்படியில் அரிசி டின் நழுவிக் காக்காவின் இடது கால் பெருவிரலில் விழுந்தது. நகம் பெயர்ந்துவிட்டது. மருந்துப் பெட்டியில் இருந்ததைப் போட்டுக் கட்டிவிட்டேன். சர்க்கரை உள்ள உடம்பு. மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு இருக்கு" என்றார். எத்தனை என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 15

எங்கள் ஆட்டத்துக்கு ஒரு முறை உண்டு. அவரவர் ஆளை அவரவர்தான் நகர்த்த வேண்டும். பெட்டி கைமாறிக்கொண்டே வரும். என் ஆள் இரும்புச் சட்டைக்காரன். மெதுவாக நடப்பான், லேசில் சாக மாட்டான். இசக்கிக்குக் குதிரைக்காரன். காக்காவுக்கு வெள்ளைப் பாவாடை கட்டின பெண், கையில் கோல், காயத்தை ஆற்றுகிறவள். ஆரம்பத்தில், "காக்காவுக்குப் பொம்பள வேசமால்லா" என்று இசக்கி கிண்டல் செய்தான். "சமையக்காரன் இல்லாட்டி கப்பல் ஓடுமால? அந்த மாதிரிதான் இவ" என்றார் காக்கா. அன்றிலிருந்து அவள் பெயர் டாக்டரம்மா.

மற்ற ஆட்களெல்லாம் பொது. அவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். நான் தனியாக விளையாடும் காலத்தில் ஒருவன் விழுந்தால் உடனே அணைத்துவிட்டு அந்தச் சண்டையை மறுபடி தொடங்குவேன். காக்கா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "செத்த மையித்த எழுப்பக் கூடாது லூர்து. விளையாட்டுலகூட நல்லால்ல" என்றார். பேட்டரிக்கும் பஞ்சம். ஆகவே செத்தவன் செத்தவன்தான். அடுத்த மேப்பில் வரவே மாட்டான். இன்று வில்லாளியும் போனான். இனி எங்கள் மூவரின் ஆட்கள் மட்டும்தான்.

காக்காவுக்குக் கண்பார்வை மங்கல். திரை சின்னது, வெளிச்சமும் கிடையாது. ஆகையால் டாக்டரம்மா எங்கே நிற்கலாம், எதிரி எத்தனை கட்டம் வருவான் என்பதை நான்தான் எண்ணிச் சொல்வேன். அவர் அந்த இடத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். "சரிதான" என்பார். நான் "சரி" என்றால் பொத்தானை அழுத்துவார். அவ்வளவுதான் அவருடைய ஆட்டம். ஆனால் எங்கள் இரண்டு பேரைவிட அவர்தான் அதிகம் ரசிக்கிறார்.

எதிரிக்கு ஒரே புத்திதான். எட்டுகிற தூரத்தில் யார் மெலிந்தவரோ அவரைத்தான் அடிப்பான். அதனால் டாக்டரம்மாவை எப்போதும் பின்னால் வைப்பேன்.

பிப்ரவரி 17

பின்பக்கத் தளத்தில் துரு சுரண்டினோம். யாருக்காகச் சுரண்டுகிறோம் என்று இசக்கி கேட்டான். வாயை மூடிக்கொண்டு சுரண்டு என்றேன். பிறகு எனக்கும் அலுத்துப்போய்ச் சுத்தியலைப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 19

காக்காவின் விரல் கொஞ்சம் கறுத்திருக்கிறது. அடிபட்ட இடம் கறுக்கத்தானே செய்யும்.

பிப்ரவரி 22

தண்ணீர்ப் படகில் கப்பல் ஏஜென்ட் வந்தான். மலையாளத்துக்காரன். அரிசி, பருப்பு, வெங்காயம், ஒரு பெட்டி பென்சில் பேட்டரி. பேட்டரிக்காக அவனைக் கட்டிப்பிடித்திருப்பேன், அதற்குள் அடுத்த சேதியைச் சொன்னான்.

"ரெண்டு பேருக்கு ஊருக்குப் போகலாம். அடுத்த ஆழ்ச்ச, அதான் அடுத்த வாரம், டிக்கெட். ஒரு ஆள் நிக்கணும்."

"நிக்கணும்னா?"

"கப்பல் காலியா இருக்கக் கூடாது சேட்டா. கோர்ட் பேப்பர்ல ஒரு ஆள் பேரு வேணும். கப்பல் வித்துட்டா அவரும் போகலாம்."

"எப்ப விக்கும்?"

"அது எனக்கு எங்கன அறியும்? ஒரு கப்பல் நாலு வருசமா நிக்குது, அங்க பாத்தீங்களா?" என்று கைகாட்டினான். பார்த்தேன். துரு பிடித்த ஒரு கப்பல். அதன் தளத்தில் ஒருவன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

காக்காவைக் கரைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்ட முடியுமா என்று இசக்கி கேட்டான். அனுமதிச் சீட்டு கிடைக்காதாம், மாத்திரை மட்டும் வாங்கிவருவானாம். இறங்கும்போது ஏஜென்ட் என்னைப் பார்த்துச் சொன்னான்: "நிக்கறது பெரிய ஆள்னா நல்லது. கோர்ட்டுக்கு அதான் இஷ்டம்."

அவன் மூஞ்சியும் அவன் இஷ்டமும்.

பிப்ரவரி 23

இன்று யாரும் பெட்டியைத் தொடவில்லை. சோறு வேகும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் இசக்கிதான் வாயைத் திறந்தான்.

"அண்ணாச்சி, தப்பா நெனக்காதிய. இப்ப இருக்கதுல நீங்கதான பெரிய ஆபீசரு?"

"ஆபீசரா? எலேய், பல்பு மாத்துதவன்ல நான்! பெரிய ஆபீசராம். சம்பளம் வந்த காலத்துல என்னைய ஆபீசருன்னு ஒரு நாளு கூப்பிட்டிருப்பியால நீ?"

"அதில்லண்ணாச்சி. செல்விக்கு இது ஒம்போதாம் மாசம்…"

"எம்மவ பத்தாம்ப்பு பரிட்ச எழுதுதா. அவளுக்கு அப்பன் வேண்டாமா?"

காக்கா காலை ஒரு ஸ்டூலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் சத்தம் அடங்கிய பிறகு நிதானமாகச் சொன்னார்: "எனக்கு ஊருக்குப் போவணும் லூர்து. காலு நல்லால்ல. ஒரு டாக்டர்ட்ட காட்டணும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன்.

பிப்ரவரி 24

யோசித்துப் பார்த்தேன். யாருக்குத்தான் டாக்டரைப் பார்க்க வேண்டாம்? எனக்கும் முதுகுவலி இருக்கிறது. யாருக்குத்தான் வீட்டில் ஆள் இல்லை? என் மனைவி ரோசலின் போன தடவை போனில் அழுதாள். உடம்பு திடமாக இருக்கிறது என்பதற்காக ஒருவன் இங்கேயே கிடந்து மக்க வேண்டுமா? திடமாக இருப்பது குற்றமா? நல்ல நியாயமாக இருக்கிறதே.

மத்தியானம் அவர்கள் இருவரும் பின்பக்கம் தூண்டில் போடப் போனார்கள். நான் பெட்டியைத் திறந்து அடுத்த மேப்பைப் பார்த்தேன். பார்ப்பதில் தப்பில்லை. எப்போதும் நான்தான் பார்ப்பேன். ஒரு கோட்டை வாசல், உள்ளே முற்றம், இருபக்கமும் படி, படிமேல் வில்லாளிகள். ஒரு பொத்தானை அழுத்தினால் எதிரியின் அடி எட்டுகிற கட்டமெல்லாம் சிவப்பாகும். அழுத்தினேன். முற்றம் ஏறக்குறைய முழுவதும் சிவந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மேப்பு. இதை உருவாக்கினவன் கெட்டிக்காரன்.

அவர்கள் ஒரு சங்கரா மீனோடு வந்தார்கள். பெட்டியை அணைத்துவிட்டேன்.

பிப்ரவரி 25

சாப்பிடும்போது சொன்னேன். சண்டை போட்டு ஒருவர் மூஞ்சியில் ஒருவர் முழிக்க முடியாமல் ஊருக்குப் போவதைவிட, ஆட்டமே முடிவு செய்யட்டும். அடுத்த மேப்பு. யாருடைய ஆள் முதலில் விழுகிறானோ அவன் நிற்கட்டும். யார்மேலும் பழி கிடையாது.

இசக்கி கொஞ்சநேரம் யோசித்தான். "சீட்டுக் குலுக்கிப் போட்டா என்ன அண்ணாச்சி?"

"சீட்டுல நீ என்ன செய்ய முடியும்? கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். இதுல அவனவன் ஆள் அவனவன் கையிலல்லா இருக்கு. முன்னால நிக்கவன் நாந்தான். அடி வாங்குதவனும் நாந்தான். எனக்குத்தாம்ல ஆபத்து ஜாஸ்தி."

சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இரும்புச் சட்டைக்காரன்தான் எப்போதும் முன்னால் நிற்பான்.

காக்கா மீன்முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். "எப்பவும் போலத்தான விளையாடுவோம்? கட்டம் எண்ணிச் சொல்லுவில்ல?"

"சொல்லாம பின்ன?"

"அப்பச் சரி. அல்லா விட்ட வழி."

மூன்று பேரும் கைகொடுத்துக்கொண்டோம்.

பிப்ரவரி 26

காற்று. நங்கூரச் சங்கிலி சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஆட்டத்தை நாளைக்குத் தள்ளிவைத்தோம். காக்கா கட்டைப் பிரித்தபோது நாற்றம் அடித்தது. இசக்கி வெந்நீர் போட்டுக் கழுவிவிட்டான். எனக்கு ஜெனரேட்டரில் வேலை இருந்தது.

பிப்ரவரி 27

காலைச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தோம். புதுப் பேட்டரி போட்டேன். காக்கா குளித்துத் தொப்பி வைத்துக்கொண்டு வந்திருந்தார். இசக்கி நெற்றியில் திருநீறு. நானும் ஒரு சிலுவை போட்டுக்கொண்டேன். ஜப்பான்காரன் பார்த்திருந்தால் பயந்திருப்பான்.

இதை எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் நாளைக்கு யாரும் வேறு மாதிரிச் சொல்லக் கூடாது.

முதல் சுற்றில் வாசலுக்குள் நுழைந்தோம். நான் முன்னால், எனக்கு இடப்பக்கம் குதிரை, எங்களுக்கு இரண்டு கட்டம் பின்னால் டாக்டரம்மா. எதிரியின் ஈட்டிக்காரர்கள் என்மேல் பாய்ந்தார்கள். ஒருவன் அடித்தது பட்டது, மற்றவன் அடித்தது தப்பியது. திருப்பி அடித்ததில் ஒருவன் விழுந்தான். "அடி சக்கை!" என்று காக்கா கைதட்டினார். எதற்காக விளையாடுகிறோம் என்பதையே மறந்துவிட்டார் மனுஷன்.

இரண்டாவது சுற்றில் இசக்கி குதிரையைப் படிப்பக்கம் ஓட்டி ஒரு வில்லாளியைக் குத்தினான். அறுபத்திரண்டு சதவீதம், பட்டது. ஆனால் அவனைச் சுற்றி மூன்று பேர் வந்துவிட்டார்கள். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. அவன் உயிர் பாதிக்குக் கீழே இறங்கியது. என் உயிரும் பாதிதான். மந்திரக்காரன் ஒருவன் அடித்தான். இரும்புச் சட்டைக்கு மந்திரம் ஆகாது, வெண்ணெய்க்குள் கத்தி போகிற மாதிரி உள்ளே போய்விடும். இன்னும் இரண்டு அடி தாங்குவேன், அவ்வளவுதான். நாலு வருடம் நிற்கிற அந்தக் கப்பலும் அதில் துணி காயப்போட்டவனும் கண்முன்னால் வந்து நின்றார்கள்.

மூன்றாவது சுற்று. நான் நகர்த்திவிட்டுப் பெட்டியைக் காக்காவிடம் கொடுத்தேன்.

"யாருக்கு மருந்து போட?" என்று கேட்டார்.

"எனக்குப் போடுங்க காக்கா. நான் விழுந்துட்டா மூணு பேரும் காலி."

"எங்க வந்து நிக்கணும்?"

"எனக்கு நேர் பின்னால. மூணு கட்டம் முன்னால வாங்க. அங்கதான் கோல் எட்டும்."

அவர் பெட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். வைத்தார். என்னைப் பார்த்தார். "மேல நிக்க வில்லுக்காரன் எட்ட மாட்டான்ல?"

"எட்ட மாட்டான்னு நெனக்கேன்" என்றேன். 'நெனக்கேன்' என்று சேர்த்துத்தான் சொன்னேன்.

"சரிதான?"

"சரி."

அழுத்தினார். பச்சை வெளிச்சம் வந்து என் உயிர் ஏறியது. "ஏறிடுச்சு பாரு!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். இசக்கி தலையைக் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிரி முறை. படிமேல் இருந்த வில்லாளி இரண்டு படி இறங்கினான். எழுபத்தொரு சதவீதம். இருபத்தொன்பது தப்ப வாய்ப்பு இருந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. முதல் அம்பு தப்பியது. காக்கா "அல்லா" என்றார். அவன் வேகக்காரன், இரண்டு தடவை எய்வான். இரண்டாவது பட்டது.

டாக்டரம்மா விழும்போது நாலு வரி ஏதோ பேசினாள். ஜப்பான் எழுத்து. காக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எப்போதும் கதை சொல்கிறவர் இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு எழுந்து, காலை இழுத்துக்கொண்டு போய் அடுப்பில் உலை வைத்தார். "சோறா கஞ்சியா?" என்று கேட்டார்.

மார்ச் 1

ஏஜென்ட் வந்து தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். மொகுதூம் காக்கா பெயரைப் பார்த்ததும் அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பார்க்கட்டும். ஆட்டத்தில் தோற்றது யார் என்று அவனுக்குத் தெரியுமா?

மார்ச் 2

பெட்டி கட்டினேன். ஜெனரேட்டரை எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது என்று காக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். விளையாட்டுப் பெட்டியையும் மீதிப் பேட்டரியையும் அவரிடமே கொடுத்தேன். வேண்டாம் என்றார்.

"எனக்குக் கட்டம் எண்ணத் தெரியாதே லூர்து."

"பழகிரும் காக்கா."

"தனியா என்னத்த விளையாட?" என்றவர் பிறகு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஊருக்குப் போனதும் அவர் வீட்டுக்குப் போன் பண்ணிக் கால் தேறிவிட்டது என்று சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 3

படகு கிளம்பியதும் காக்கா தளத்தின் ஓரத்தில் நின்று கையாட்டினார். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தார். நான் கையாட்டினேன். இசக்கி ஆட்டவில்லை. படகுத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

மார்ச் 4

விமானத்தில் இசக்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சாப்பாடு வந்தபோது வேண்டாம் என்றான். இறங்குகிற நேரத்தில் திரும்பிச் சொன்னான்: "அண்ணாச்சி, அந்த வில்லுக்காரன் எட்டுவாம்னு எனக்குத் தெரியும். நானும் வாயத் தொறக்கல."

நானும் என்கிறானே, வேறு யாராம்? களைப்பில் ஏதோ உளறுகிறான்.

மார்ச் 9

வீடு. அனிட்டா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். என்னைவிட அரைச்சாண் வளர்ந்துவிட்டாள் போலிருக்கிறது. ரோசலின் மூன்று வேளையும் மீன் வைக்கிறாள். பார்க்க வருகிறவர்களெல்லாம் தப்பி வந்தாயே, மாதா காப்பாற்றினாள் என்கிறார்கள். ஆமாம் ஆமாம் என்கிறேன்.

மார்ச் 14

காயல்பட்டினத்துக்குப் போன் போட்டேன். காக்காவின் மனைவி எடுத்தார்கள். "தம்பி, அவொ காலு எப்படி இருக்கு? எங்ககிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாக."

தேறிவிட்டது என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ். உங்கள மாதிரி ஆளு கூட இருந்ததே பெரிய காரியம்" என்றார்கள்.

மார்ச் 22

இசக்கிக்குப் பெண் குழந்தை. அவன் சொல்லவில்லை, வேறொருவர் மூலமாகத்தான் தெரிந்தது. போன் போட்டால் எடுப்பதில்லை.

மே 6

காக்கா தண்ணீர்ப் படகுக்காரன் போனில் பேசினார். ஏஜென்ட் ஒரு டாக்டரைக் கப்பலுக்கே கூட்டிவந்தானாம். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்களாம். "வலி கொறஞ்சிருக்கு" என்றார். கப்பல் ஏலத்துக்கு வந்ததா என்று கேட்டேன். ஒருவரும் கேட்கவில்லையாம். தள்ளிவைத்துவிட்டார்களாம்.

அடுத்த கப்பலுக்கு நான் எழுதிப்போட்டிருப்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 19

மறுபடி பேசினார். பாதத்தில் பாதி போய்விட்டது; காவலோடு கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எடுத்துவிட்டு மறுபடி கப்பலிலேயே விட்டார்களாம். ஊன்றுகோல் ஒன்றை அவரே குழாயில் செய்துகொண்டாராம். "கோலோட நிக்கேன்டா, நம்ம டாக்டரம்மா மாதிரி" என்று சிரித்தார். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 2

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போய்வந்தேன். உடம்பு திடமாக இருக்கிறதாம்.

நவம்பர் 11

இன்று மத்தியானம் காக்காவின் போன். இதுவரை கேட்காத உற்சாகம். நான் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினேன். "காலு கெடக்கட்டும்டா, முட்டிக்குக் கீழ எடுக்கணும்கிறான், அது கெடக்கட்டும். நீ இதக் கேளு" என்றார்.

ஏஜென்ட் அவருக்கு ஒரு கண்ணாடி வாங்கிக்கொடுத்தானாம். "இப்பக் கட்டமெல்லாம் பளிச்சுன்னு தெரியுது லூர்து. ஆட்டத்த முதல்லேருந்து போட்டேன். ஒத்த ஆளா. ஒன் ஆள நீ நிக்கற மாதிரியே முன்னால நிறுத்துவேன். இசக்கி ஆள் சொன்ன பேச்சு கேக்க மாட்டான், குதிரைய ஓட்டிட்டுப் போயிருவான், அவனத் திட்டுவேன். இத்தன மாசம் ஆச்சு அந்தக் கோட்டைக்கு வந்து சேர."

"சரி காக்கா."

"அந்தப் பொத்தான் இருக்கே, அமுக்குனா செவப்பாகுமே, அத நானே கண்டுபிடிச்சேன்டா! அமுக்கிப் பாக்கேன், முத்தமே செவப்பு. ஆனா ஒனக்கு வலப்பக்கம் தூணு ஒண்ணு இருக்குல்ல, அதுக்குப் பின்னால ஒரு கட்டம். ஒரே ஒரு கட்டம். செவக்கல. அங்க நின்னா வில்லுக்காரனும் எட்ட மாட்டான், மந்திரக்காரனும் எட்ட மாட்டான். அங்கேருந்து ஒனக்கு மருந்தும் போடலாம். டாக்டரம்மாவ அங்க நிறுத்தினேன். ஆட்டம் முடியறவரைக்கும் ஒருத்தன் அவளத் தொடல. மூணு பேரும் வெளிய வந்துட்டோம் லூர்து! மூணு பேரும்!"

அவர் மூச்சு வாங்குவது கேட்டது. போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"லூர்து, இருக்கியா?"

"இருக்கேன் காக்கா."

"நீ அன்னைக்கு அந்தக் கட்டத்தப் பாக்கலியாடா?"

"பாக்கல காக்கா."

அந்தப் பக்கம் படகு இன்ஜின் சத்தம் கேட்டது.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். "அவசரத்துல யாருக்குத்தான் கண்ணுல படும்? மனசுல வச்சுக்காத. அதுக்காக நான் சொல்லல. இப்ப அடுத்த மேப்பு வந்திருக்கு. ஒரு பெரிய பாலம், ரெண்டு பக்கமும் தண்ணி. எனக்கு ஒண்ணும் ஓடமாட்டேங்குது. நீ நல்லா எண்ணுவியே. நான் எங்க நிக்கணும்னு சொல்லுடா."

எனக்கு அந்த மேப்பு தெரியாது. நாங்கள் அதுவரை போனதே இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"எல்லாருக்கும் பின்னால நில்லுங்க காக்கா" என்றேன்.

"சரிதான?" என்று கேட்டார்.

பதில் சொல்வதற்குள் ரோசலின் உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். இதோ வருகிறேன் என்று அவளுக்குத்தான் சொன்னேன். காக்கா அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். "வா வா, மெதுவா வா, நான் எங்க போகப் போறேன்?" என்று சிரித்தார். லைன் போய்விட்டது.

போய்ச் சாப்பிட்டேன். சீலா மீன் குழம்பு. இரண்டாவது தடவையும் சோறு வாங்கிக்கொண்டேன்.